சட்டைக்குள் மறையும் ரேடியோ: மஃப்டி பணியில் மோட்டரோலா ஏபிஎக்ஸ் 6000

மஃப்டி வேலைக்கு மோட்டரோலா ஏபிஎக்ஸ் 6000 சரிப்படுமா என்று கேட்டால், சரிப்படும் என்றுதான் சொல்வேன். ஆனால் சீருடைப் போலீசுக்குச் செய்துவைத்த அதே புரோகிராமோடு தூக்கிக் கொடுத்தால் சரிப்படாது. இந்த ரேடியோ எப்படி நடந்துகொள்ளும் என்பதை முடிவு செய்வது அதற்குள் ஏற்றப்படும் கோட்பிளக். எந்தச் சேனல், எந்த விளக்கு, எந்தச் சத்தம், எந்தப் பட்டன் என்ன செய்யும் என்பதெல்லாம் அந்த ஒரு கோப்பில் அடக்கம். அதை யார், எவ்வளவு யோசித்துச் செய்தார் என்பதைப் பொறுத்தே மறைந்து நிற்கும் ஆளுக்கு இது துணையாகவும் இருக்கும், காட்டிக்கொடுக்கவும் செய்யும்.

நான் அமெரிக்காவில் ஒரு கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ரேடியோ பட்டறையில் வேலை பார்க்கிறேன். ஷெரிஃப் அலுவலகம், ஊர்ப் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் என்று எல்லோருடைய ரேடியோவும் எங்கள் மேஜைக்குத்தான் வரும். மஃப்டி அணியின் ரேடியோக்களை அமைத்துக் கொடுப்பது பல வருடங்களாக என் பொறுப்பு. இங்கே எழுதுவதில் ரகசியம் எதுவும் இல்லை. பயனர் கையேட்டில் இருப்பவை, வெளியான ஆய்வுகளில் இருப்பவை, அவற்றோடு பட்டறையில் நான் கண்டவை, அவ்வளவுதான். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் கனடாவிலும் ரேடியோ தொழிலில் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பற்றிச் சுருக்கமாக. ஏபிஎக்ஸ் 6000 ஒரு பி25 ரேடியோ. பி25 என்பது அமெரிக்கப் பொதுப் பாதுகாப்புத் துறைகளுக்காக 1989-இல் தொடங்கிய டிஜிட்டல் தரம். முதல் கட்டத்தில் 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு சேனலில் ஒரு பேச்சு போகும். இரண்டாம் கட்டத்தில் அதே அகலத்தை நேரத்தால் இரண்டாகப் பிரித்து இரண்டு பேச்சு அனுப்பலாம். எங்கள் கவுண்டி இருப்பது 700/800 மெகாஹெர்ட்ஸில், டிரங்கிங் முறையில்: சேனல்கள் பொதுவில் இருக்கும், பேசுபவருக்கு அவ்வப்போது ஒன்று ஒதுக்கப்படும். இந்த ரேடியோ 1.5, 2.5, 3.5 என்று மாடல்களாக வருகிறது. 1.5-இல் தலைப்பகுதியில் சின்னத் திரை மட்டும் இருக்கும். 2.5-இல் முன்பக்கத் திரையும் சில பட்டன்களும் சேரும். 3.5-இல் முழு எண் பட்டன்களும் உண்டு. மஃப்டிக்கு எதை வாங்குவது என்று என்னைக் கேட்டால் 1.5. சட்டைக்குள் இருக்கும் ரேடியோவின் முன்பக்கத் திரையை யார் பார்க்கப் போகிறார்கள்? வெளிச்சம் விட ஒரு இடம் குறையும், தவறி அழுந்தும் பட்டன்களும் குறையும்.

இந்த ரேடியோவில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் தலைப்பகுதி. சத்தத்துக்கு ஒரு குமிழ், சேனலுக்கு 16 நிலைக் குமிழ், அந்தக் குமிழைச் சுற்றி இரண்டு நிலை வளையம், ஏ-பி-சி என்று மூன்று நிலை ஸ்விட்ச், ஆரஞ்சு நிற அவசரப் பட்டன். ஒவ்வொன்றும் வேறு உயரம், வேறு வடிவம். கண்ணால் பார்க்காமல், ஜாக்கெட்டுக்குள் கையை விட்டு, விரல் நுனியால் மட்டுமே எது எது என்று கண்டுபிடித்துவிடலாம். இந்த வேலைக்கு இதைவிட முக்கியமான குணம் வேறு இல்லை. தொடுதிரை வைத்த கருவிகளை மஃப்டிக்குத் தரச் சொல்லி வருகிறவர்களிடம் நான் சொல்வதும் இதுதான்: திரையைப் பார்க்கக் குனிகிற நொடியில் பார்க்க வேண்டிய ஆளைத் தவறவிடுவீர்கள்.

குறை என்றால் பருமன். மெல்லிய டி-ஷர்ட்டுக்குள் இது ஒளியாது. கோடையில் என்ன உடுத்துவது என்பதை ரேடியோவே முடிவு செய்யும் நிலை வந்துவிடும். பேட்டரியில் பெரியது, சிறியது என்று தேர்வு இருக்கிறது. சிறியதைப் போட்டால் கொஞ்சம் ஒல்லியாகும், அதற்கேற்ப நேரமும் குறையும். அதே குடும்பத்தில் ஏபிஎக்ஸ் 900 உருவத்தில் சிறியது. மோட்டரோலாவின் எஸ்எல் வரிசை இன்னும் ஒல்லி, செல்போன் மாதிரியே இருக்கும். ஆனால் அது டிஎம்ஆர் என்ற வேறொரு டிஜிட்டல் தரத்து ரேடியோ, பி25 கட்டமைப்பில் பேசாது. தனியார் பாதுகாப்பு நிறுவனத்துக்கு எஸ்எல் அருமையான தேர்வு. பக்கத்து ஊர்ப் போலீசோடும் பேச வேண்டியவருக்கு அது உதவாது.

சரி, அமைப்புக்கு வருவோம்.

மஃப்டி அணியிலிருந்து வருகிற ஒவ்வொருவரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எந்தச் சத்தமும் வேண்டாம், எந்த வெளிச்சமும் வேண்டாம், எல்லாவற்றையும் அணைத்துக் கொடுங்கள்." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் எல்லாவற்றையும் அணைத்த ரேடியோ, வைத்திருப்பவரிடமே உண்மையைச் சொல்லாத ரேடியோ ஆகிவிடும். வெளியே இருப்பவர்களுக்கு அது ஊமையாக இருக்க வேண்டும். காதில் மாட்டியிருப்பவருக்கு ஊமையாக இருக்கக் கூடாது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு அமைப்பையும் தொட வேண்டும்.

வெளிச்சத்தில் விவாதமே இல்லை. பேசும்போது தலையில் சிவப்பு எல்இடி எரியும், அதை அணைக்க வேண்டும். திரையின் பின்னொளியையும் அணைக்க வேண்டும். இந்த வரிசையில் சூழ்நிலைக்கேற்ப நிறம் மாறும் திரை விளக்கு ஒன்று உண்டு: அவசரநிலைக்கு ஆரஞ்சு, பேட்டரி இறங்குவது, சிக்னல் எல்லையைத் தாண்டுவது போன்றவற்றுக்குச் சிவப்பு, அழைப்பு வந்தால் பச்சை. சீருடைக்காரருக்கு இது நல்ல வசதி. இருட்டுக் காருக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு, ஜாக்கெட் விளிம்பிலிருந்து திடீரென்று சிவப்பு ஒளி வருவது பேராபத்து. நல்லவேளையாக இந்த ரேடியோவில் ப்ரொஃபைல் என்ற ஏற்பாடு இருக்கிறது. திரை, பின்னொளி, எச்சரிக்கை ஒலிகள், ஆடியோ எல்லாவற்றையும் ஒரு தொகுப்பாகக் கட்டிவைத்து, மெனு உள்ள மாடலில் அதிலிருந்தோ, ஒதுக்கிய ஒரு பட்டனிலிருந்தோ மாற்றிக்கொள்ளலாம். நான் இரண்டு ப்ரொஃபைல்தான் வைப்பேன்: ஒன்று சாதாரணம், இன்னொன்று இருட்டு. மூன்றாவது, நான்காவது கேட்பவர்களுக்கும் கொடுப்பதில்லை. பதற்றத்தில் இருப்பவர் தான் எந்த ப்ரொஃபைலில் இருக்கிறோம் என்று யோசிக்கும்படி வைக்கக் கூடாது.

திரையில் வரும் பெயர்களையும் கவனியுங்கள். சீருடைப் புரோகிராமை நகலெடுத்தால் அதில் 'நார்க் டாக்', 'சர்வ் 2' என்று பச்சையாக எழுதியிருக்கும். போதைப்பொருள் பிரிவு, கண்காணிப்புப் பிரிவு என்று நெற்றியில் ஒட்டிக்கொண்டு போவதற்குச் சமம். தலைத்திரையை ஒரு கணம் யாராவது பார்த்துவிட்டாலும் ஒன்றும் புரியாதபடி, கட்டடப் பராமரிப்பு ஆட்கள் வைத்திருக்கும் ரேடியோ போலச் சாதுவான பெயர்கள் போதும்.

ஒலிகள்தான் நிதானம் தேவைப்படும் இடம். பட்டன் ஒலி, ரேடியோ ஆன் ஆகும் ஒலி, அழைப்பு ஒலி எல்லாம் போகட்டும். ஆனால் 'டாக் பெர்மிட்' என்ற அந்தச் சின்ன பீப் ஒலியைத் தூக்கக் கூடாது. டிரங்கிங் முறையில் பேசும் பட்டனை அழுத்தியதும் குரல் போய்விடாது. ரேடியோ முதலில் கட்டுப்பாட்டுச் சேனலில் இடம் கேட்கும், கட்டமைப்பு ஒரு சேனலை ஒதுக்கும், அதன் பிறகே குரல் கிளம்பும். ஒரு நொடிக்கும் குறைவான நேரம்தான். ஆனால் ஒதுக்கீடு கிடைத்தது என்று சொல்லும் அந்த ஒலி இல்லாவிட்டால் மனிதர்கள் பட்டனை அழுத்திய கையோடு பேசிவிடுவார்கள், முதல் சொல் காற்றில் போய்விடும். 'டோன்ட் மூவ்' என்பதில் முதல் சொல் விழுந்தால் மிஞ்சுவது 'மூவ்'. எச்சரிக்கை ஒலிகளின் அளவைக் குரலை விடத் தாழ்த்தி வைக்க மென்பொருளில் தனி அமைப்பு இருக்கிறது. அதைத் தாழ்த்தி, காதுக்குள் மட்டும் மெல்லக் கேட்கும்படி வைத்துக்கொடுத்தால், எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னவரும் பிறகு இது இருக்கட்டும் என்பார்.

இதோடு சேர்ந்தது இன்னொரு பழக்கம். அனலாக் காலத்துப் பழைய போலீஸ்காரர்கள் வாய் திறக்க முடியாத நேரத்தில் பட்டனை இரண்டு தட்டு தட்டுவார்கள். எதிர்முனையில் கிளிக், கிளிக் என்று கேட்கும். 'ஆமாம்' என்று பொருள். டிஜிட்டல் டிரங்கிங்கில் இதை நம்பக் கூடாது. சேனல் ஒதுக்கப்படுவதற்குள் விரலை எடுத்துவிட்டால் எதுவும் போகாது. போனாலும் டிஸ்பாட்ச் எனப்படும் கட்டுப்பாட்டு அறையின் கன்சோல் திரையில் அந்த ரேடியோவின் எண் மட்டும் மின்னும், குரல் இருக்காது. புதிய ரேடியோவை வாங்கிப்போகும் அணிக்கு நான் கட்டாயம் எடுத்துச் சொல்கிற விஷயம் இது. வேண்டுமானால் பட்டனைச் சற்று நேரம் பிடித்து, ஒலி வந்த பிறகு மைக்கை நகத்தால் தட்டட்டும். அல்லது மெனு உள்ள மாடல் என்றால், முன்கூட்டியே எழுதிவைத்த ஸ்டேட்டஸ் செய்திகளை அதில் வைத்து அனுப்பட்டும்.

இப்போது இந்த மதிப்பீட்டில் எனக்கு முக்கியமான பகுதி: குறியாக்கம். அதாவது, ரேடியோவில் ஏற்றிய 'சாவி' என்ற ரகசிய எண் இல்லாதவருக்குப் புரியாதபடி பேச்சை மாற்றி அனுப்புவது.

சேனல் குமிழைச் சுற்றி ஒரு வளையம் என்றேன் அல்லவா? அதில் இரண்டு குறிகள் இருக்கும். ஒன்று வெறும் வட்டம். மற்றொன்று குறுக்கே கோடு போட்ட வட்டம். வெறும் வட்டம் என்றால் திறந்த பேச்சு, யார் வேண்டுமானாலும் கேட்கலாம். கோடு போட்ட வட்டம் என்றால் குறியாக்கம் செய்த பேச்சு. ரேடியோ தொழிலில் இது பழகிய குறி. வெளியே கோடு போட்ட வட்டத்தைப் பார்க்கும் எவரும் அதை 'கூடாது', 'அணைந்துள்ளது' என்றுதான் படிப்பார்கள். சாலையில் நிறுத்தக் கூடாது என்ற பலகையே அப்படித்தானே இருக்கிறது. மேலும் அந்த வளையம் சட்டைத் துணியில் உரசித் திரும்பிவிட முடியும். திரும்பினாலும் பேச்சு தடையில்லாமல் நடக்கும். எதிர்முனையில் இருப்பவர்களின் ரேடியோ திறந்த பேச்சையும் வாங்கிக்கொள்ளும்படி அமைத்திருந்தால், அவர்களுக்கும் வித்தியாசம் தெரியாது.

இது நானாகக் கற்பனை செய்த ஆபத்து இல்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மேட் பிளேஸ் தலைமையிலான குழு 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அமெரிக்காவின் சில பெருநகரங்களில் மத்திய அரசு அமைப்புகள் பயன்படுத்தும் பி25 சேனல்களைக் கடையில் கிடைக்கும் சாதாரண ரிசீவர்களால் நீண்ட காலம் கேட்டிருக்கிறார்கள். குறியாக்கத்தில் போவதாக நினைத்துக்கொண்டு திறந்த நிலையில் பேசிய முக்கியமான பேச்சு, ஒரு நகரத்தில் ஒரு நாளைக்குச் சராசரியாக 20 நிமிடத்துக்கும் மேல் அவர்கள் காதில் விழுந்திருக்கிறது. யாரைப் பின்தொடர்கிறார்கள், யார் தகவல் கொடுப்பவர் என்ற அளவுக்கு. குறியாக்கத்தை யாரும் உடைக்கவில்லை. ஸ்விட்ச் தவறான பக்கம் இருந்தது, அல்லது யாரோ ஒருவரிடம் சாவி இல்லாததால் மொத்த அணியும் திறந்த நிலைக்கு இறங்கியது. அந்த ஆய்வைப் படித்த பிறகு என் வேலை செய்யும் முறையே மாறியது.

ஏபிஎக்ஸின் புரோகிராமிங் மென்பொருள் இதற்கு நல்ல மருந்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு சேனலுக்கும் மூன்று தேர்வுகள்: எப்போதும் திறந்தது, எப்போதும் குறியாக்கம், அல்லது ஸ்விட்சின் விருப்பம். மஃப்டி சேனல் ஒவ்வொன்றையும் 'எப்போதும் குறியாக்கம்' என்று கட்டிவிடுகிறேன். இத்தோடு நிறுத்தினால் வேறொரு சிக்கல் வரும். சேனல் குறியாக்கத்துக்குக் கட்டப்பட்டு, வளையம் வெறும் வட்டத்தில் இருந்தால், பட்டனை அழுத்தும்போது ரேடியோ ஒரு மறுப்பு ஒலியை எழுப்பி, திரையில் அறிவிப்புக் காட்டி, பேசவே விடாது. பாதுகாப்பு என்ற வகையில் சரிதான். ஆனால் உதவி கேட்கத் துடிக்கும் ஆளின் ரேடியோ 'நீ வளையத்தைத் திருப்பு' என்று அடம்பிடித்தால் எப்படி? அதற்காகவே, கட்டப்பட்ட சேனல்களில் ஸ்விட்சைப் பொருட்படுத்தாதே என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதை டிக் செய்துவிட வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துச் செய்த பிறகு அந்த வளையம் எந்தப் பக்கம் உரசித் திரும்பினாலும் கவலையில்லை.

சீருடைப் போலீசோடு திறந்த சேனலில் பேச வேண்டிய தேவையும் வரத்தான் செய்யும். அதற்கு ஒரே ஒரு சேனலைத் தனி ஜோனில் (சேனல் தொகுதியில்) ஒதுக்கி, பெயரிலேயே 'கிளியர்' என்று போட்டு, அதில் பேசும்போதெல்லாம் எச்சரிக்கை ஒலி வரும்படி வைக்கிறேன். மென்பொருளில் இதற்கும் தனி அமைப்பு உண்டு. இது எல்லா ஒலிகளையும் அணைக்கச் சொன்னவர் கண்டிப்பாக எரிச்சலடையும் ஒலி. எரிச்சலடையட்டும். தன் பேச்சை ஊரே கேட்கிறது என்று ஒருவருக்குத் தெரியாமல் இருப்பதை விட அது மேல்.

சாவி விஷயத்திலும் ஒரு வார்த்தை. குறியாக்கம் வேண்டுமானால் ஏஇஎஸ்-256 என்ற வலுவான முறையை வாங்குங்கள். விலை குறைவு என்பதற்காக 40 பிட் சாவி கொண்ட ஏடிபி என்ற எளிய முறையோடு நிற்காதீர்கள். ஸ்கேனர் என்ற ரிசீவரில் போலீஸ் பேச்சைக் கேட்கும் பக்கத்து வீட்டு ஆர்வலரைத் தடுக்க அது போதும், பணமும் பொறுமையும் உள்ள குற்றக்கும்பலுக்கு அது தடையே இல்லை. சாவிகளைக் கேவிஎல் என்ற கருவியால் கேபிள் வழி ஏற்றலாம், அல்லது காற்று வழியாகவே மாற்றலாம். அடிக்கடி சாவி மாற்றுவதுதான் பாதுகாப்பு என்று மேலதிகாரிகள் நினைப்பார்கள். லீவில் போனவர், லாக்கரில் ரேடியோவைப் பூட்டிவைத்தவர் என்று யாராவது ஒருவர் புதிய சாவி இல்லாமல் வந்து நிற்பார். அவருக்காக எல்லோரும் திறந்த சேனலுக்கு இறங்குவார்கள். அந்தப் பென்சில்வேனியா ஆய்வும் இதைத்தான் சுட்டிக்காட்டியது. சாவியை அடிக்கடி மாற்றாமல், மாற்றும்போது அணியில் ஒருவர்கூட விடுபடாமல் மாற்றுவது நல்லது. பேட்டரியைக் கழற்றிவைத்தாலும் சாவி அழியாமல் தங்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது. ரேடியோ தொலைந்தால் சாவியும் அதோடு போகும் என்பதால் அதை ஆன் செய்வதா வேண்டாமா என்பது அந்தந்த அணி எடுக்க வேண்டிய முடிவு. எங்கள் இடத்தில் ஆன்தான், தொலைந்தால் உடனே சொல்ல வேண்டும் என்ற கண்டிப்போடு.

குறியாக்கம் குரலை மறைக்கும், ரேடியோ இருப்பதை மறைக்காது என்பதையும் அணியினர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பேசும் ஒவ்வொரு முறையும் அலை வெளியே போகிறது. அனுப்புபவரின் எண் பல அமைப்புகளில் குறியாக்கம் இல்லாமலே போகும். தேவையில்லாமல் பேசாதே என்ற பழைய விதிக்கு டிஜிட்டல் காலத்திலும் மாற்று கிடையாது.

அவசரப் பட்டனை அமைப்பதில் சற்று நேரம் செலவழியுங்கள். சாதாரண அமைப்பில் ஆரஞ்சு பட்டனை அழுத்தினால் ரேடியோ சத்தம் போடும், திரை ஆரஞ்சாக மாறும். எதிரே துப்பாக்கியோடு நிற்பவருக்கு அதைவிடத் தெளிவான தகவல் தேவையில்லை. மஃப்டிக்கு அமைதியான அவசரநிலைதான் சரி: ஒலியும் ஒளியும் இல்லாமல் டிஸ்பாட்ச் கன்சோலுக்கு மட்டும் எச்சரிக்கை போகும். அதோடு 'ஹாட் மைக்' சேர்த்தால், நாம் குறித்த நேரத்துக்கு மைக் தானாகத் திறந்திருக்கும், அங்கே நடக்கும் பேச்சு கன்சோலில் கேட்கும். இதில் பலரும் கவனிக்காத ஒரு கண்ணி உண்டு. அவசரநிலையில் ரேடியோ இருக்கும் சேனலிலேயே நிற்கலாம், அல்லது முன்பே குறித்த வேறு சேனலுக்குத் தாவலாம். சீருடைப் புரோகிராமில் அது பெரும்பாலும் பொது டிஸ்பாட்ச் சேனலுக்குத் தாவும்படி இருக்கும். அந்தச் சேனல் திறந்ததாக இருந்தால், ஹாட் மைக்கில் வரும் ஒவ்வொரு சொல்லும் ஊரில் ஸ்கேனர் வைத்திருக்கும் எல்லோருக்கும் கேட்கும்! அந்த அறையில் இருப்பவர்களின் கூட்டாளிகளுக்கும் சேர்த்துத்தான். ஆகவே அவசரச் சேனலும் குறியாக்கம் கட்டப்பட்டதாக இருக்க வேண்டும், அந்தச் சாவி டிஸ்பாட்ச் கன்சோலிலும் இருக்க வேண்டும்.

பட்டனை எவ்வளவு நேரம் பிடித்தால் அவசரநிலை கிளம்ப வேண்டும் என்பதையும் மாற்றலாம். சீட் பெல்ட்டும் கார் கதவும் அழுத்திவிடாத அளவுக்கு நீளமாகவும், நடுங்கும் கைக்கு முடிகிற அளவுக்குக் குறைவாகவும் வைக்க வேண்டும். ரேடியோவில் எவ்வளவு செய்தாலும், டிஸ்பாட்சில் உட்கார்ந்திருப்பவர் எச்சரிக்கை வந்ததும் காற்றில் பெயரைச் சொல்லி "நலமா?" என்று கூப்பிட்டால் எல்லாம் வீண். கன்சோலில் அந்த எண்ணுக்கு நேரே இவர் மஃப்டி என்று புரியும்படி ஒரு குறி போட்டுவைக்கச் சொல்லிவிடுவேன்.

காதுக் கருவிகளைப் பற்றிச் சொல்ல எனக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை, ஏனென்றால் எதுவும் முழுமையாகத் திருப்தி தருவதில்லை. மூன்று கம்பி செட் நம்பகமானது: ஒரு கம்பி காதுக்கு, ஒன்று காலருக்குக் கீழே மைக்குக்கு, ஒன்று சட்டைக் கைவழியாகப் பேசும் பட்டனுக்கு. ஆனால் காதின் பின்னால் சுருண்டு இறங்கும் அந்தக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைச் சின்னக் குழந்தைகூடப் பார்த்துச் சொல்லிவிடும். காதுக்குள் முழுதாக மறையும் தூண்டல் இயர்பீஸ் (கம்பியில்லாமல் காந்தப்புலத்தின் வழியே ஒலியைப் பெறுவது) கண்ணுக்குத் தெரியாது. கழுத்தில் ஒரு வளையம் போட்டுக்கொள்ள வேண்டும், குட்டி பேட்டரியைக் கண்காணிக்க வேண்டும். இரண்டாம் கட்ட பி25-இல் அலை துடிப்புத் துடிப்பாகப் போவதால் இதில் இரைச்சல் ஏறவும் கூடும். ப்ளூடூத் செட்டும் உண்டு. ரேடியோவுக்கு அருகே வைத்து ஜோடி சேர்ப்பது சுலபம். சேர்த்து முடித்ததும் மற்ற கருவிகளுக்குத் தன்னைக் காட்டிக்கொள்ளும் நிலையை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவரின் செல்போனில் ரேடியோவின் பெயர் எட்டிப்பார்க்கும்.

எந்தச் செட்டானாலும் ஒரு சோதனையைத் தவிர்க்கக் கூடாது. ரேடியோவில் பேச்சு வந்துகொண்டிருக்கும்போதே காதுக் கருவியின் கனெக்டரை வெடுக்கென்று பிடுங்கிப் பாருங்கள். சாதாரண அமைப்பில் ஆடியோ உடனே ரேடியோவின் ஸ்பீக்கருக்குத் தாவி, அறை முழுக்க டிஸ்பாட்ச் குரல் கேட்கும். கூட்டத்தில் யாரோ இடித்துக் கம்பி கழன்றாலும் இதேதான் நடக்கும். உங்கள் ரேடியோவில், அதற்குள் இருக்கும் ஃபர்ம்வேர் என்ற அடிப்படை மென்பொருளில், நீங்கள் கட்டிய இருட்டு ப்ரொஃபைலில் இது நடக்கிறதா என்பதை மேஜையில் பிடுங்கிப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும், கையேட்டை நம்பி அனுப்பக் கூடாது. கனெக்டரை ரேடியோவோடு இறுக்கும் திருகை விரலால் மட்டும் திருப்பி விடாமல் முழுதாக முடுக்கிவிடுங்கள்.

சிக்னல் விஷயம் கொஞ்சம் கசப்பானது. 800 மெகாஹெர்ட்ஸில் இந்த ரேடியோ அதிகபட்சம் 3 வாட்தான் அனுப்பும். மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர், இந்த அலைகளை நன்றாக விழுங்கும். இடுப்போடு ஒட்டி, ஜாக்கெட்டுக்குள், கார் இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்தால் வெளியே போவது மிச்சம்தான். இந்த அலைவரிசைக்கான குட்டை ஆன்டெனா மறைக்க வசதியானது, ஆனால் அதை மடக்கியோ கம்பிகளோடு சுற்றியோ வைத்தால் உள்ளதும் போகும். முதுகுப் பக்கம் வேண்டாம். இடுப்பின் பக்கவாட்டில், ஆன்டெனா உடம்பிலிருந்து கொஞ்சமாவது விலகி நிற்கும்படி வைத்தால் தெளிவாக வித்தியாசம் தெரியும். எல்லையைத் தாண்டும்போது வரும் எச்சரிக்கை ஒலியையும், டாக் பெர்மிட் போலவே, காதுக்குள் மெல்ல விட்டுவைக்கிறேன். தான் பேசுவது யாருக்கும் போகவில்லை என்பது முதலில் தெரிய வேண்டியவர் அவர்தான்.

ரேடியோவை ஒப்படைக்கும்போது, அதை எடுத்துப்போகிறவரைப் பணிக்குப் போகும் உடையிலேயே பட்டறைக்கு வரச் சொல்கிறேன். கம்பிகளை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு சேனலை மாற்றச் சொல்வேன், சத்தத்தைக் குறைக்கச் சொல்வேன், அவசரப் பட்டனைக் கண்டுபிடிக்கச் சொல்வேன். குமிழ்களையும் பட்டன்களையும் பூட்டும் வசதியை எப்படிப் போடுவது, எடுப்பது என்று காட்டுவேன். சட்டை உரசிச் சத்தக் குமிழ் திரும்பினால் காது கிழிந்துவிடும். சேனல் மாறும்போது அதன் பெயரைக் குரலாகச் சொல்லும் வசதியை காதுக் கருவியோடு மட்டும் பயன்படுத்துவதாக இருந்தால் வைத்துக் கொடுப்பேன். திரையைப் பார்க்காமல் வேலை செய்பவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

விலையைப் பொறுத்தவரை ஒன்று. இந்த ரேடியோவில் நான் மேலே பாராட்டியவற்றில் பல, வாங்கும்போது தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டிய மென்பொருள் உரிமங்கள். ஏஇஎஸ் குறியாக்கம், காற்று வழிச் சாவி மாற்றம், இரண்டாம் கட்ட பி25-இன் டிடிஎம்ஏ (சேனலை நேரத்தால் பிரிக்கும் முறை) எல்லாம் அப்படித்தான். அடிப்படை விலையைப் பார்த்துப் பட்ஜெட் போட்ட துறைகள், கடைசியில் குறியாக்கமே இல்லாத ரேடியோவை வாங்கிவிட்டு மஃப்டி அணிக்குக் கொடுக்க முடியாமல் விழிப்பதைப் பார்த்திருக்கிறேன். பழைய ரேடியோவை ஏலத்தில் எடுப்பவர்களுக்கும் இதே கதைதான். உள்ளே என்ன உரிமங்கள் இருக்கின்றன என்று மென்பொருளில் படித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஆர்டர் போடுவதற்கு முன், ரேடியோவைப் புரோகிராம் செய்யப்போகும் ஆளை விற்பனையாளரோடு ஒரே மேஜையில் உட்காரவைத்து, உரிமப் பட்டியலை வரி வரியாகப் படிக்கச் சொல்லுங்கள். மாடல் 1.5, சிறிய பேட்டரியில் ஒன்றும் பெரியதில் ஒன்றும், ஏஇஎஸ், குட்டை ஆன்டெனா, இரண்டு விதக் காதுக் கருவி. இந்தக் கூட்டணிக்குத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்.